நியூயார்க்கின் மேயரும் நம் தெருவின் விளக்கும்

 

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் வாரம். வில்லியனூர் சுல்தான்பேட்டையில் உறவினர் வீட்டு வலீமா விருந்துக்காக அரியூரிலிருந்து சென்றிருந்தேன். பிரியாணி தேக்சா திறக்கப்படுவதற்கு முன்பே பந்தலில் ஒரு செய்தி பரிமாறப்பட்டுவிட்டது. "நியூயார்க் நகரத்துக்கு நம்மாள் ஒருவர் மேயராகிவிட்டார்!"

இளைஞர்கள் கைபேசியை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார்கள். நானும் மகிழ்ந்தேன்; மறைப்பானேன்? 1991இல் உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில் பிறந்தவர் ஸோஹ்ரான் மம்தானி. தாய், நம் நாட்டுத் திரைப்பட இயக்குநர் மீரா நாயர். தந்தை, பேராசிரியர் மஹ்மூத் மம்தானி. முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கியோமோவை, ஜூன் மாதத்தில் கட்சிக்குள் நடந்த தேர்தலிலும், நவம்பர் 4ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலிலும், ஒரே ஆண்டில் இருமுறை தோற்கடித்தார். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த அத்தேர்தலில் பாதிக்குச் சற்று மேலான வாக்குகளைப் பெற்றார். நியூயார்க்கின் முதல் முஸ்லிம் மேயர் அவர்தாம்.

விருந்து முடிந்து கை கழுவும் இடத்தில், காலையிலிருந்து இச்செய்தியைப் பரப்பிக்கொண்டிருந்த உறவுக்காரப் பையனிடம் கேட்டேன்: "தம்பி, அந்த மேயர் மக்களுக்கு என்னதான் வாக்களித்தார்?" அவன் விரல்விட்டு எண்ணினான். "வீட்டு வாடகையை உயர்த்த விடமாட்டேன் என்றார். கட்டணமில்லாப் பேருந்து என்றார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு என்றார்."

"நன்று. நம் கொம்யூன் பஞ்சாயத்தின் தலைவர் யார்?"

பையன் யோசித்தான். பிறகு சிரித்தான். "அப்படி ஒருவர் இருக்கிறாரா மாமா?"

இருபத்திரண்டு வயது இளைஞன் அவன். அவன் சிரித்ததில் தவறில்லை. தவறு எங்கே இருக்கிறது என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

* * *

அமெரிக்கத் தேர்தல் என்பது இப்பொழுது நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்ட ஒன்று. 2024இல் கமலா ஹாரிஸ் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டபோது, திருவாரூர் மாவட்டம் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம் என்ற சிற்றூரை நம் தொலைக்காட்சிகள் நாள்தோறும் காட்டின. அவருடைய பாட்டனார் பி. வி. கோபாலனின் பூர்வீக ஊர் அது. ஊர்க் கோயிலில் நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. வெற்றிக்காக அங்கே சிறப்பு வழிபாடு நடந்தது. அதே வேளையில் ஆந்திர மாநிலத்து வட்லூரு கிராமத்தில், எதிர் அணியில் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்ற வான்ஸின் மனைவி உஷாவின் மூதாதையர் ஊர் என்பதால், அவருடைய கணவர் வெல்வதற்காக வேண்டுதல் நடந்தது. முடிவில் மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகளில் டிரம்புக்கு 312, ஹாரிஸுக்கு 226. ஓர் ஊர் பட்டாசு வெடித்தது. மற்றோர் ஊர் வாடியது. மறுநாள் காலையில் இரண்டு ஊர்களிலும் மக்கள் அவரவர் வயலுக்கும் வேலைக்கும்தான் சென்றிருப்பார்கள்.

நான் அவர்களை எள்ளவில்லை. வேர் எங்கோ கிளை எங்கோ என்றாலும், கிளையில் பூத்த பூவை வேர் கொண்டாடுவது இயல்பு. ஆயினும், அந்தப் பூவின் மணம் நம் வீட்டுக்கு எவ்வளவு தூரம் வரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

திரையும் அரசியலும் கைகோத்து நடப்பதை அமெரிக்காவிடமிருந்து நாம் கற்றதாகச் சிலர் கூறுவர். கணக்கைப் பாருங்கள். 1967 ஜனவரியில் ரொனால்டு ரீகன் என்ற நடிகர் கலிபோர்னியா மாநில ஆளுநரானார். அதே ஆண்டு மார்ச்சில், திரைக்கதை வசனம் எழுதிய அறிஞர் அண்ணா சென்னை மாநில முதலமைச்சரானார். 1977இல் எம்.ஜி.ஆர். கோட்டைக்குள் நுழைந்துவிட்டார். ரீகன் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தது 1981இல்தான். இந்த வித்தையில் யாரும் யாருக்கும் ஆசானல்லர்!

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அரசியலையே ஒரு காட்சியாக மாற்றும் வேலையைத் தொலைக்காட்சி வெகு காலமாகச் செய்து வந்திருக்கிறது. 1960இல் கென்னடியும் நிக்ஸனும் தொலைக்காட்சியில் விவாதித்த நாளிலிருந்து, வேட்பாளர் என்ன சொன்னார் என்பதோடு அவர் முகம் எப்படி இருந்தது என்பதும் பேச்சாகிவிட்டது. 2004இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியில், "உன்னை வேலையைவிட்டு நீக்கிவிட்டேன்" என்று சொல்லும் முதலாளியாக வீடுதோறும் அறிமுகமானவர் டொனால்டு டிரம்ப். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார்.

சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளில் மாற்றுக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்று வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு 1949 முதல் அந்நாட்டில் ஒரு விதி இருந்தது. 1987இல் அது கைவிடப்பட்டது. இன்று ஒரு சாரார் ஒரு தொலைக்காட்சியையும் மறு சாரார் மற்றொன்றையும் பார்த்துக்கொண்டு, ஒரே நாட்டுக்குள் இரண்டு நாடுகளாக வாழ்கிறார்கள். 2020 தேர்தலில் வாக்கு எந்திரங்கள் மோசடி செய்தன என்ற பொய்யை ஒளிபரப்பியதற்காக, அந்த எந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனத்துக்கு 78 கோடியே 75 இலட்சம் டாலர் கொடுத்து 2023 ஏப்ரலில் வழக்கை முடித்துக்கொண்டது ஃபாக்ஸ் நிறுவனம். நம் பணத்தில் ஆறாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்! பொய்க்கு அங்கே விலையாவது கேட்கிறார்கள். நம் குடும்பக் கைபேசிக் குழுக்களில் காலையும் மாலையும் வந்து விழும் செய்திகளை, உண்மையா என்று ஒரு நொடி நிறுத்திக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

* * *

இனி, 'நம்மாள்' என்ற சொல்லுக்கு வருவோம்.

2006இல் கீத் எலிசன் என்பவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் முஸ்லிமானார். 2007 ஜனவரியில், அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி ஜெபர்சன் வைத்திருந்த திருக்குர்ஆன் பிரதியின் மீது கைவைத்து உறுதிமொழி எடுத்தார். கேட்க இனிக்கிறது. ஆனால் மிச்சிகன் மாநிலத்தைப் பாருங்கள். முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் டியர்பார்ன், ஹாம்டிராமிக் ஆகிய இரண்டு நகரங்களிலும் 2021இல் முஸ்லிம்களே மேயர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஹாம்டிராமிக் மேயர் டிரம்பை ஆதரித்தார். டியர்பார்ன் மேயர் எவரையுமே ஆதரிக்கவில்லை. ஒரே மார்க்கத்தார், ஒரே மாநிலத்தார். அரசியல் வேறு வேறு. அவரவர் நகரத்து மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். நமக்கல்ல.

மம்தானியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தேர்தலுக்கு முன் டிரம்பும் அவரும் ஒருவரையொருவர் வசைபாடினர். நம் பிள்ளைகளும் இங்கிருந்தபடியே கைபேசியில் போர் தொடுத்தார்கள். நவம்பர் 21ஆம் நாள் இருவரும் வெள்ளை மாளிகையில் சந்தித்துச் சிரித்துப் பேசிக் கைகுலுக்கினர். தலைவர்களின் சண்டை முடிந்துவிட்டது. பார்வையாளர்களின் சண்டை மட்டும் மிச்சம்.

அப்படியானால் இச்செய்தியில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எதுவுமே இல்லையா? இருக்கிறது. நாம் கைதட்டியது ஜனாதிபதித் தேர்தலுக்கல்ல. ஓர் உள்ளாட்சித் தேர்தலுக்கு. வாடகை, பேருந்து, குழந்தைப் பராமரிப்பு என்று தெருவாசிகளின் கவலைகளைப் பேசி வென்ற தேர்தல் அது. அதைக் கண்டு மகிழ்ந்த நாம், நம் ஊரில் அத்தகைய தேர்தல் ஒன்று நடக்கவே இல்லை என்பதை மறந்துவிட்டோம்.

சகோதர சகோதரிகளே! வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்கள் பிரெஞ்சு ஆட்சியில் 1880ஆம் ஆண்டு ஆணையால் நகரசபைகளாக அமைக்கப்பட்டவை. மேயர் என்ற சொல் நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் 'மேர்' என்று அழைத்த பதவிதான் அது. 1954 அக்டோபர் 18ஆம் நாள், நம் அரியூரை அடுத்த கீழூரில் கூடி, புதுச்சேரி இந்தியாவுடன் இணைவதா வேண்டாமா என்று வாக்களித்தவர்கள் 178 பேர். ஆதரவாக 170, எதிராக 8. யார் அந்த 178 பேர்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும்! ஒரு நாட்டின் எல்லையையே தீர்மானிக்கும் பொறுப்பு அன்று உள்ளாட்சி உறுப்பினர்களின் கையில் இருந்தது.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1968இல் நகரசபைத் தேர்தல் நடந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006இல்! நடுவே முப்பத்தெட்டு ஆண்டுகள். 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத் திருத்தம், பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் ஐந்தாண்டுகள் என்றும், அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கினால் நின்றது. நியூயார்க் மக்கள் 2025 நவம்பரில் மேயரைத் தேர்ந்தெடுத்தபோது, புதுச்சேரியின் ஐந்து நகராட்சிகளிலும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் பதினான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

கடற்கரைச் சாலையில் 'மேரி' என்ற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததும், பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பெற்று 2021இல் திறக்கப்பட்டதும் நீங்கள் அறிந்ததே. கட்டடம் திரும்பி வந்துவிட்டது. அதில் அமர வேண்டிய மக்கள் பிரதிநிதிகள் வரவில்லை.

* * *

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

தெரு முனையில் ஒரு விளக்கு உண்டு. அது எரியாமற் போனால் முன்பெல்லாம் எங்கள் தெருவிலுள்ள விதவை மூதாட்டி ஒருவர், இரண்டு வீடு தள்ளியிருந்த பஞ்சாயத்து உறுப்பினரின் கதவைத் தட்டுவார். "ஓட்டுக் கேட்க மட்டும் வரத் தெரிந்ததா?" என்று உரிமையோடு கடிந்துகொள்வார். இரண்டொரு நாளில் ஆள் வந்துவிடும். அந்த உறுப்பினர் மகானல்லர். ஆனால் மறுபடியும் அந்தக் கதவைத் தட்டி வாக்குக் கேட்க வேண்டியவர்.

அண்மையில் அவ்விளக்கு அணைந்தது. மனு எழுதினோம். ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குச் சென்றோம். எவரும் எங்களை அவமதிக்கவில்லை. மரியாதையாகவே "பார்க்கிறோம்" என்றார்கள். அவர்களைக் குறைகூறி என்ன பயன்? இன்று இங்கே, நாளை வேறிடம் என்று மாற்றலாகிச் செல்லும் ஊழியர்கள் அவர்கள். எங்கள் தெருவின் இருட்டுக்கு அவர்களில் எவரும் பொறுப்பாளி அல்லர். ஒரு நாள் மஃரிபுக்குப் பின் மகள் வீட்டிலிருந்து திரும்பிய அந்த மூதாட்டி, இருட்டில் பள்ளம் தெரியாமல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

இதுதான் நட்டம். நம் துன்பத்தைச் சொல்ல நமக்கு நெருக்கமான ஒரு கதவு இல்லை. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களைச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. அந்தக் கதவு நம் சகோதரிகளில் ஒருவருடையதாகவும் இருந்திருக்கலாம்.

சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ வாக்குக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியினராயினும், சலாமோ வணக்கமோ சொல்லி அமரவைத்துத் தேநீர் கொடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் பஞ்சாயத்துத் தேர்தல் எப்போது?" வீட்டுக்கு வீடு இக்கேள்வி எழுந்தால், பதில் தேடும் கட்டாயம் அவர்களுக்கு வரும். நியூயார்க் செய்திகளைப் பார்க்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. பாருங்கள், மகிழுங்கள். உலகின் மறுகோடியில் நடப்பதை அறிவது நல்லதே. அதைப் பார்த்த கண்ணால் நம் தெருவையும் ஒருமுறை பாருங்கள்.

வலீமா வீட்டில் சிரித்த அந்தப் பையன், அன்றிரவே தன் கைபேசியில் தேடி, பஞ்சாயத்துத் தேர்தல் பற்றிய அரசியல் சாசனப் பிரிவை எனக்கு அனுப்பினான். "மாமா, இது சட்டத்திலேயே இருக்கிறதே!" என்று எழுதியிருந்தான். அவனுக்கு அல்லாஹ் நல்லறிவை மேலும் அருள்வானாக.

மூதாட்டியின் கை கூடிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். தெரு முனை வீட்டுக்காரர், இரவில் வருவோர் போவோருக்காகத் தம் வாசலில் சொந்தச் செலவில் ஒரு பல்பு மாட்டியிருக்கிறார். அவர் ஊருக்குப் போகும் நாட்களில் தெரு இருட்டாகத்தான் இருக்கிறது.