மூக்கும் பாஸ்போர்ட்டும்

முதல்லயே சொல்லிடறேன். ஆண்டவன் குடுத்த மூக்கை மாத்தலாமா கூடாதான்னு உபதேசம் பண்ற பதிவு இல்லை இது. அவங்கவங்க மூக்கு, அவங்கவங்க காசு. எனக்கு உறுத்துறது ஒண்ணே ஒண்ணுதான்: அதுக்காக வெளிநாட்டுக்கு விமானம் ஏறுறது.

சித்தப்பா பொண்ணு ஒருத்தி (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், பேர் மட்டும் கேக்காதீங்க). பொண்ணு பாக்க வந்த ரெண்டு வீட்டுக்காரங்க மூக்கைப் பத்தி ஜாடையா பேசிட்டுப் போயிட்டாங்க. அதுலேர்ந்து கண்ணாடி பாக்கவே அவளுக்குப் பிடிக்கலை. இப்போ இஸ்தான்புல்ல ஒரு பேக்கேஜ் பாத்து வச்சிருக்கா. ஆபரேஷன், ஹோட்டல், ஏர்போர்ட் கார் எல்லாம் சேர்த்து ஒரே விலை, பத்தே நாள். பாதிக்கு பர்சனல் லோன், மீதி நான் தரணுமாம். ஏன் அவ்வளவு தூரம்னு கேட்டா, "இங்க பண்ணினா வேப்பூர் கூட்டுரோடு டீக்கடை வரைக்கும் தெரிஞ்சிடும்ணா"ங்கறா. நியாயமான பயம்தான். திருச்சி பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்றதுக்குள்ள, நான் எத்தனை கிலோ ஏறியிருக்கேன்னு நாலு பேர் சொல்லிடற ஊர் எங்களுது :-)

இப்போ கொஞ்சம் பழைய கதை. அறுபட்ட மூக்கைச் சரிபண்றதைப் பத்தி சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கு. 1792ல மைசூர் யுத்தத்துல ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டின காவஸ்ஜிங்கறவர் திப்பு சுல்தான் ஆட்கள்கிட்ட மாட்டி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே இருந்தார். அப்புறம் பூனா பக்கத்துல, செங்கல் செய்யற சாதியைச் சேர்ந்த ஒருத்தர் மெழுகுல மூக்கு அளவு எடுத்தார். அதைத் தட்டையாக்கி நெத்தியில வச்சு கோடு போட்டு, தோலை உரிச்சுத் திருப்பி மூக்காக்கினார். ரத்தம் ஓடறதுக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல தோல் துண்டு ஒண்ணை மட்டும் அறுக்காம விட்டார். அதை அறுத்தது சுமார் 25 நாள் கழிச்சு. 1794 அக்டோபர்ல லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்தோட போட்டுச்சு. அந்தப் படமும் ஆபரேஷன் முடிஞ்சு பத்து மாசம் கழிச்சு வரைஞ்சது.

அதைப் பாத்து, முதல்ல பிணங்கள் மேல செஞ்சு பழகி, ஜோசப் கார்ப்யூங்கற லண்டன் டாக்டர் 1814ல தானே பண்ணினார். 1816ல புத்தகமும் போட்டார்.

கவனிச்சீங்களா? லண்டன் நோயாளி பூனாவுக்குக் கப்பல் ஏறலை. வித்தைதான் கப்பல் ஏறிச்சு. இன்னைக்கு அந்த வித்தை சென்னையிலயே இருக்கு, நோயாளி விமானம் ஏறுறார்.

இஸ்தான்புல், சியோல் டாக்டருங்க கைராசியில எனக்கு சந்தேகமே இல்லை. பிரச்சனை நாள்கணக்குல இருக்கு. பக்கத்துல விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை செய்யறதைப் பாத்தவங்களுக்கு சட்டுனு புரியும். அச்சுல வார்த்து எடுத்த அன்னைக்கு இருக்கற அளவு பொம்மையோட கடைசி அளவு இல்லை. காயறப்பவும் சூளையில வேகறப்பவும் சுருங்கும். அதுக்குக் கணக்குப் போட்டுத்தான் அச்சே செய்வாங்க. மூக்கும் அப்படித்தான். கட்டை ஒரு வாரத்துல பிரிச்சிடுவாங்க. வீக்கம் முழுசா வடிஞ்சு கடைசி வடிவம் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுக்குள்ள கோணலாகலாம், மூச்சு அடைக்கலாம், நடுத்தண்டுல ஓட்டை விழலாம். எல்லாருக்கும் ஆகாது, ஆனா ஆகறவங்களுக்கு ஆகும். மறு ஆபரேஷன்னாலும் பொதுவா ஒரு வருஷம் பொறுக்கச் சொல்வாங்க.

பேக்கேஜ் பத்து நாளுக்கு. மிச்ச 355 நாளுக்கு யாரு? நம்ம தொழில் பாஷையில சொன்னா, ரிலீஸ் அன்னைக்கு கேக் வெட்டிட்டு சப்போர்ட் டீமைக் கலைச்சுட்ட ப்ராஜெக்ட்.

காசு விஷயமும் இருக்கு. அழகுக்காகப் பண்ற ஆபரேஷனை நம்ம ஊர் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பொதுவா ஏத்துக்காது. விபத்து, தீக்காயம், கேன்சர்னு வந்து சீரமைச்சா அது வேற. தப்பு நடந்துட்டா? காசு வாங்கிட்டுப் பாக்கற டாக்டரும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வருவார்னு உச்ச நீதிமன்றம் 1995லேயே (வி.பி. சாந்தா வழக்கு) சொல்லிடுச்சு. சென்னை டாக்டர் மேல குறைன்னா கடலூர்லயே மனு போடலாம். இஸ்தான்புல் ஆஸ்பத்திரிகிட்ட நஷ்டஈடு வாங்கறது நடக்கற காரியமா, சொல்லுங்க.

ரகசியம் காக்கத்தான் வெளிநாடுன்னா, சென்னையே போதும். கோடிப் பேர் பக்கம் இருக்கற ஊர்ல ஒரு மூக்கை யாரு கண்டா? அதனால பணம் தரேன்னு சொல்லிட்டேன், ஒரே நிபந்தனையோட: டாக்டர் பஸ் ஏறிப் போற தூரத்துல இருக்கணும். இன்னும் கோவமாத்தான் இருக்கா. இருக்கட்டும்.

இதே யோசனையில இருக்கறவங்க அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியோ, காது மூக்கு தொண்டையோ முறையா படிச்சு மெடிக்கல் கவுன்சில்ல பதிஞ்சவரா? ஆறு மாசம் கழிச்சு மூச்சு அடைச்சா யார்கிட்ட போவீங்க? அந்த மூக்கு யாருக்காக? மூணாவதுக்கு பதில் "பொண்ணு பாக்க வந்தவங்களுக்காக"ன்னா, அவங்க அடுத்து பல்லைப் பத்தி ஏதாவது சொல்வாங்க. அதுக்கு எந்த நாட்டுக்கு டிக்கெட் போடறது?