வெள்ளத்துக்கு முந்தி வரவேண்டிய பணம்

மன்னாருக்கு டித்வா புயல் ஆற்று வழியாகத்தான் வந்தது. 2025 நவம்பர் 28ஆம் திகதி அது கிழக்குக் கரையில் ஏறியபோது அநுராதபுரம் பக்கம் கொட்டிய மழை மல்வத்து ஓயாவில் இறங்கியது. இங்கே அருவியாறு என்ற பெயரோடு மடு, நானாட்டான், முசலிப் பிரிவுகளை மூழ்கடித்து, மன்னார் வளைகுடாவில் போய் விழுந்தது. 164 கிலோமீற்றர் ஓடும் அந்த ஆறு நாட்டின் இரண்டாவது நீளமான ஆறு.

நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நேரடிச் சேதம் 410 கோடி டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அதன்பின் பணம் வந்தது: வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய், முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம் வரை, சர்வதேச நாணய நிதியத்தின் அவசரக் கடன். கொடுத்ததில் குறை சொல்ல வரவில்லை. தண்ணீர் வருவதற்கு முந்தி செலவழிக்க வேண்டிய பணம் யாரிடம் இருக்கிறது, அதை யார் கேட்டு வாங்கலாம் என்பதே என் கேள்வி.

ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் ஒரு தேசிய சபையை உருவாக்கியது. ஜனாதிபதி தலைவர், மாகாண முதலமைச்சர்களும் உறுப்பினர்கள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து அந்த நாற்காலியில் வடக்குக்கு ஆள் இல்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையம் இப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது.

மாவட்ட மட்டத்தில் அலுவலகம் உண்டு, ஆயத்தத் திட்டமும் உண்டு. பணத்துக்கு மட்டும் கொழும்பின் ஒதுக்கீட்டையும் ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்களின் தயவையும் பார்த்திருக்க வேண்டும். இதில் எதைக் கேட்பதானாலும் முன்மொழிவு எழுத வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பயனாளிகள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், அளந்து காட்டக்கூடிய பெறுபேறு என்ன என்றெல்லாம் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். எந்த மதகு அடைபட்டுக் கிடக்கிறது என்று தெரிந்த கமக்காரர் அமைப்பின் செயலாளருக்கு அந்தக் கட்டங்களுக்குள் எழுத வராது. எழுத வருகிறவருக்கு மதகு தெரியாது. ஆகவே பயிற்சிப் பட்டறைகள் நிறைய நடக்கின்றன. பட்டறையைப் படம் எடுக்கலாம், வரவுப் பதிவேட்டை அறிக்கையில் இணைக்கலாம். வாய்க்கால் தூர்வாரியதைப் படம் எடுத்தால் சேறுதான் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் எல்லை. நீர்ப்பாசனத் திணைக்களம் தந்திரிமலை அளவுமானியைப் பார்த்துத்தான் அருவியாற்றுக்கு எச்சரிக்கை விடுகிறது. அந்த அறிவிப்பில் மகாவிலச்சிய, வெங்கலச்செட்டிகுளம், மடு, முசலி, நானாட்டான் என்று மூன்று மாவட்டங்களின் பிரிவுகள் ஒன்றாக நிற்கும். எச்சரிக்கை ஆற்றை ஒன்றாகப் பார்க்கிறது, பணமோ மூன்று துண்டாகப் போகிறது. மேலே இன்னொரு மானி வைத்தால் பயன் மன்னாருக்கு; வைக்கவேண்டிய நிலமோ வேறு மாகாணத்தில். டித்வா நாட்களில் தமிழில் எச்சரிக்கை பிந்தியும் குறைந்தும் வந்தது என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. இரவில் விழித்திருந்து மொழிபெயர்க்கும் ஒருவரின் சம்பளமும் ஆயத்தச் செலவுதான். அதை எந்த மாவட்டம் தன் கணக்கில் போடும்?

அமெரிக்காவில் பிராந்தியப் பேரிடர் ஆயத்தத்துக்கென்றே ஒரு மானியம் உண்டு. பக்கத்துப் பக்கத்து நிர்வாகங்கள் கூட்டாகத் திட்டம் போட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 2019இல் அதற்கு ஒரு கோடி டொலர் ஒதுக்கினார்கள். அந்த நாட்டு அளவுக்கு அது சில்லறை. ஆனாலும் யோசனை நல்லது. விண்ணப்ப முறையின் பலவீனத்தையும் அங்கேயே பார்க்கலாம். பேரிடரைத் தாங்கும் கட்டமைப்புகளுக்கான பெரிய மானியத் திட்டம் ஒன்றில், ஆள்பலம் இல்லாத சிற்றூர்களால் விண்ணப்பமே போட முடியவில்லை என்ற குறை எழுந்தது. 2025 ஏப்ரலில் அந்தத் திட்டத்தையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். 20 மாநிலங்கள் நீதிமன்றம் போயின. கேட்டுப் பெறும் பணம், கொடுப்பவர் மனம் மாறினால் போய்விடும்.

ஆகவே நாம் கவனிக்கவேண்டிய நாடு பிலிப்பைன்ஸ். அங்கே 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றமும் தன் வருமானத்தில் குறைந்தது 5 சதவீதத்தை அனர்த்தத்துக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். அதில் 30 சதவீதம் உடனடி மீட்புக்கு, மிச்சம் ஆயத்தத்துக்கு. செலவாகாத பணம் வருட முடிவில் திரும்பிப் போகாது. தனி நிதியில் ஐந்து ஆண்டு வரை கிடக்கும். பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவிலும் 15ஆவது நிதிக்குழு, மாநில அனர்த்த நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்பு வேலைக்கும் 10 சதவீதத்தை ஆயத்தத்துக்கும் பிரித்து வைத்தது. இராமநாதபுரத்துக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை. கணக்கில் அதற்கென்று தலைப்பு ஒன்றாவது இருக்கிறது.

இப்படி ஒரு சட்டம் இங்கேயும் வேண்டும் என்றால், நமது பிரதேச சபைகள் ஏழைகள், அவர்கள் வருமானத்தில் 5 சதவீதம் எதற்குக் காணும் என்று கேட்பார்கள். சரிதான், திறைசேரி இணையாகப் போட வேண்டும். ஆனால் சிறு பணத்துக்கும் வேலை உண்டு. மன்னார்த் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த மணல் நிலம். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்பது சில அங்குல ஏற்ற இறக்கத்தில் தீர்மானமாகும். 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி மின்திட்டம் வந்த பிறகு அதற்காகப் போட்ட பாதைகள் வடிகாலை மறிக்கின்றன என்று ஊரார் சொல்லிவருகிறார்கள். 2025இல் மாதக் கணக்காக நடந்த காற்றாலை எதிர்ப்புப் போராட்டத்திலும் அந்தக் குரல் கேட்டது. நிறுவனம் ஒன்று சொல்ல, மக்கள் இன்னொன்று சொல்ல, நில மட்டத்தை அளந்து பார்க்க சபையிடம் நில அளவையாளருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. இப்படி ஒரு அளவைக்கு எந்தக் கொடையாளர் முன்மொழிவு கேட்பார்?

கையில் பணம் கொடுத்தால் தின்றுவிடுவார்கள் என்ற பேச்சும் வரும். சில இடங்களில் தின்பார்கள்தான். கணக்காய்வு அதற்குத்தான் இருக்கிறது. நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்ப்பதில் நடக்கும் சண்டையைவிட, வருடா வருடம் பலகையில் ஒட்டப்படும் ஒரு கணக்கைக் கண்காணிப்பது இலகு.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. எச்சரிக்கையில் பெயர் வரும் ஐந்து பிரதேச செயலகங்களும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு, மேலாற்றில் இன்னும் சில மானிகள், இரண்டு மொழியிலும் அறிவிக்கும் ஆட்கள், நானாட்டானுக்கும் முசலிக்கும் படகுகள் என்று கூட்டாகக் கேட்கலாம். முதல் கூட்டத்தை வடகீழ்ப் பருவமழைக்கு முன், செப்டெம்பரில், செட்டிகுளத்தில் வைக்கலாம். அநுராதபுரத்தாருக்கும் மன்னார்க்காரருக்கும் அதுதான் நடுவழி.