அவரைக்கு மட்டும் தடையா?

உங்கள் அபார்ட்மென்ட் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் ஒரு துண்டு புல்தரை இருக்கிறதா? கொரியன் புல். அதன்மேல் யாரும் நடக்கக் கூடாது, பிள்ளைகள் பந்து உருட்டக் கூடாது. பார்க்க மட்டும்தான். அதற்குத் தினமும் தண்ணீர், அவ்வப்போது வெட்டுக்கூலி. எல்லாம் நீங்கள் மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸில் இருந்துதான் போகிறது. யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

இப்போது மொட்டை மாடியில் ஒரு பையில் மண் நிரப்பி நாலு அவரை விதையை ஊன்றிப் பாருங்கள். கொடி ஒரு முழம் ஏறுவதற்குள் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியாகிவிடும். 'பொது இடத்தில் காய்கறிச் செடி வளர்க்க அனுமதி இல்லை. இப்படிக்கு, செயலாளர்.'

அவரைக்கொடி அப்படி என்ன பாவம் பண்ணிவிட்டது ஸார்?

சங்கத்துக்காரர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். எல்லாமே அபத்தம் என்று தள்ளமாட்டேன்.

முதல் காரணம், பாரம் தாங்காது, தளம் ஒழுகும். நியாயமான பயம்தான். ஒழுகுகிற சீலிங்கின் அவஸ்தை கடைசி மாடியில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் முப்பது லிட்டர் பையில் மண்ணும் தென்னை நார்க் கழிவும் நனைந்து கிடந்தால் முப்பது, நாற்பது கிலோ வரும். இரண்டு பை சேர்ந்தால் கொஞ்சம் தாட்டியான ஒரு மாமா. பிறந்தநாள், ரிசப்ஷன் என்று ஷாமியானா போட்டு அதே மாடியில் நூறு பேரை நிற்க வைக்கிறபோது இந்தப் பயம் எங்கே போகிறது? ஒழுகலுக்குக் காரணம் தேங்கும் தண்ணீர். பையைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நாலு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். மழைநீர்க் குழாயின் வாயை இலைதழை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீர்ந்தது.

இரண்டாவது காரணம், பூச்சி வரும். வரும்தான். அவரை என்றால் அசுவினி இல்லாமலா? கொழுந்திலும் பூங்கொத்திலும் கறுப்பாக மொய்த்துக்கொள்ளும். ரொம்ப மோசமான நுனியைக் கிள்ளி எறியுங்கள். மிச்சத்தைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அப்புறமும் அடங்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளித்தால் போதும். அசுவினி செடியின் சாற்றை உறிஞ்சுகிற பூச்சி. அது படியிறங்கி வந்து உங்கள் பெட்ரூமில் படுக்காது.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. 'மாசக்கணக்கா இலையாத்தான் தள்ளுது, காயே காணோம். பிடுங்கிப் போடுங்க.' நம் ஊர்ப் பந்தல் அவரை பொழுது குறுகினால்தான் பூக்கும். சித்திரையில் போட்டாலும் அது பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டு, ராத்திரி நீளும் காலம் வரை காத்திருக்கும். அதனால்தான் ஆடிப்பட்டம் பார்த்து விதைத்தார்கள். காய்க்கவில்லையே என்று அவசரப்பட்டு யூரியா போட்டால் இன்னும் இலைதான் வரும். காற்றில் இருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்துக்கொள்கிற பயிர் அது. ஐப்பசியில் 'மலட்டுக் கொடி' என்று வெட்டி எறிகிறார்களே, அது பூக்கத் தயாராக நிற்கும் கொடி! அவ்வளவு நாள் பொறுமை இல்லாதவர்கள், பருவம் பார்க்காமல் காய்க்கும் செடி அவரையைப் போடலாமே. வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களே இருக்கின்றன.

நாலாவது, காசு. நான் பி.காம். படித்தவன், கணக்குப் பார்க்காமல் விடமாட்டேன். உங்கள் கொடி காய்க்கிற மார்கழி, தையில்தான் மார்க்கெட்டிலும் அவரைக்காய் கொட்டிக் கிடக்கும். ஆக, லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் புல்தரைக்கு யாராவது லாப நஷ்டம் பார்த்தோமா? இங்கேயாவது நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு வாரம் ஒரு பொரியல் கிடைக்கும். என்ன மருந்து அடித்தார்கள், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறித்தார்கள் என்ற கவலை இல்லாத பொரியல். நாலு காயைப் பறிக்காமல் நெற்றாக முற்ற விட்டால் அடுத்த ஆடிக்கு விதையும் கையில். அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறும். அதனால் நாட்டு அவரை விதை அனேகமாகத் தாய்க்கொடி மாதிரியே வரும். ஒரு வீட்டில் விதை நின்றுபோனால், பாட்டி காலத்தில் இருந்து வந்த ரகம் அத்தோடு போச்சு. அதைக் கடையில் கேட்டு வாங்க முடியாது.

அப்புறம் தண்ணீர் வீண் என்கிறார்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்தது சென்னை. அந்த ஊரில் பார்ப்பதற்கென்று புல் வளர்த்துக்கொண்டு, அரிசி கழுவிய தண்ணீரில் வளர்கிற அவரையைப் பார்த்து வீண் என்று சொல்ல எப்படி ஸார் மனசு வருகிறது?

நிஜக் காரணம் நோட்டீஸில் இருக்காது. கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது வெளியே வரும். 'பந்தல் கிந்தல் எல்லாம் போட்டா பார்க்க கிராமம் மாதிரி இருக்கும். வெளியாள் வந்து பார்த்தா ஃப்ளாட்டுக்கு என்ன மதிப்பு?' அவ்வளவுதான் விஷயம். சோறு போடுகிற செடி கௌரவக் குறைச்சல். சும்மா நிற்கிற புல் கௌரவம். 1965-ல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி டெல்லியில் தன் வீட்டுப் புல்தரையையே உழுதார். பிரதமருக்குக் குறையாத கௌரவம், மூன்றாவது மாடி மூர்த்திக்கும் நாலாவது மாடி நாயகிக்கும் எப்படிக் குறையும்?

மொட்டை மாடி பொதுச் சொத்து என்கிறீர்கள். சரி. பொது என்றால் எல்லாருக்கும் பங்கு உண்டு என்றுதானே அர்த்தம்? யாருமே தொடக்கூடாது என்றா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்கு இரண்டு பை. செங்கல்மேல், சுவர் ஓரம். ஒழுகினால் பை வைத்தவர் செலவு. கவனிக்காமல் விட்டால் ஒரு மாதக் கெடு, அப்புறம் அப்புறப்படுத்தலாம். இந்த நாலு வரியைத் தீர்மானமாக எழுதி, வருகிற ஆனி மாசக் கூட்டத்தில் நீங்களே எழுந்து வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை வழிமொழியச் சொல்லுங்கள். ஆனியில் பாஸானால்தான் ஆடியில் விதைக்க முடியும். தள்ளிப்போட்டால் ஒரு வருஷம் போய்விடும்.