ரூபாய்க்கு இரண்டு அணா

இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆறு மாதத்தில், 1940 மார்ச் 1 முதல், இந்திய ரயில்களில் சரக்குக் கட்டணம் ரூபாய்க்கு 2 அணாவும் பயணக் கட்டணம் ரூபாய்க்கு 1 அணாவும் உயர்த்தப்பட்டன. உணவு தானியம், தீவனம், உரம் ஆகியவற்றின் சரக்குக் கட்டணம் உயரவில்லை. அது நியாயமான விலக்கு.

ஆனால் மளிகைக் கடையில் விற்பது தானியம் மட்டுமல்லவே! விலக்கில்லாத சரக்குக்கு 100 ரூபாய் வாடகை கொடுத்தவர் 112 ரூபாய் 8 அணா கொடுக்க வேண்டியதாயிற்று. கூடுதலைத் தாமே ஏற்றால் முதல் கரையும்; விலையில் சேர்த்தால் கொள்ளை லாபக்காரர் என்ற பழி வரும். உயர்த்தியது டெல்லி, ஏச்சு வாங்கியது கல்லாவில் இருந்தவர்.

1940-41-ல் ரயில்வேயின் உபரி 18 கோடி ரூபாயைத் தாண்டியது. போர்க்காலத்தில் அரசுக்குப் பணம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் செலவை ஈடுகட்டிய பிறகும் மிஞ்சுவது கட்டணமல்ல, வரி. வரியென்றால் வரி என்றே சொல்லி வாங்க வேண்டும்.

நெருக்கடியைக் காட்டி எந்த அரசு கட்டணத்தை உயர்த்தினாலும் காரணம், விலக்குப் பட்டியல், முடியும் தேதி மூன்றையும் அறிவிக்க வேண்டும் என்று கேட்போம். நாமும் ஏறிய வாடகைக்கு மேல் ஒரு காசு ஏற்றாமல், அந்தக் கணக்கைக் கடைப் பலகையில் எழுதி வைப்போம். பழி நம்மைச் சேராது.