பைக் ஓட்டிகளின் பெயரால்

அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், ஹெல்மெட்டைக் கட்டாயமாக்காத மாநிலங்களுக்குச் சாலை நிதியில் கைவைப்போம் என்று மத்திய அரசு மிரட்டியது. 1975-க்குள் 47 மாநிலங்கள் பணிந்துவிட்டன. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. 1980-க்குள் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தைக் கைவிட்டன, அல்லது இளவயதினருக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டன. அது நல்ல முடிவல்ல என்பதே எங்கள் கருத்து. 1997-இல் சட்டத்தைத் தளர்த்திய ஆர்கன்சா, டெக்சாஸ் மாநிலங்களில் அடுத்த முழு ஆண்டில் பைக் ஓட்டுநர் இறப்பு முறையே 21, 31 விழுக்காடு கூடியது. ஆனால் இந்த உரை ஹெல்மெட்டைப் பற்றியதல்ல. சாலையைப் பயன்படுத்துவோர் ஒன்றுகூடிச் சட்டத்தைத் திருப்பிய நிகழ்ச்சிகள் அரிது. அதைப் பைக் ஓட்டிகளால் எப்படிச் செய்ய முடிந்தது என்பதே எங்கள் கேள்வி. தன் முன்னால் நிற்பவர் கூலிக்குப் பேசவில்லை, தினமும் பைக்கில் போகிறவர், ஓட்டுப் போடுகிறவர் என்று சட்டமன்ற உறுப்பினர் நம்பினார். அந்த நம்பகத்தன்மைதான் இயக்கத்தின் மூலதனம். பயனாளர் சங்கங்களை நடத்துவோரும் அவற்றோடு பேச வேண்டிய அதிகாரிகளும் பயிற்றுநர்களும் இந்த வரலாற்றை ஊன்றிப் படிப்பது நல்லது. அந்த மூலதனத்தை யார் யார் எடுத்துச் செலவழித்தார்கள் என்பது இதில் ஓரளவு வெளிப்படையாகவே பதிவாகியிருக்கிறது.

தொடக்கத்திலேயே வணிகம் உள்ளே இருந்தது. பல மாநிலங்களில் இன்று இயங்கும் ‘அபேட்’ என்ற பைக் ஓட்டி உரிமை அமைப்புகளின் மூலவித்து, 1971-இல் தொடங்கிய ‘ஈசிரைடர்ஸ்’ என்ற சாப்பர் பைக் பத்திரிகையின் அலுவலகத்தில் முளைத்தது. ஊன்றியவர் அதன் ஆசிரியர் லூ கிம்சி. உயர்ந்த கைப்பிடி, நீட்டிய முன்ஃபோர்க்கு ஆகியவற்றுக்கு வந்த தடைகளை எதிர்ப்பது அந்த அமைப்பின் முதல் வேலைகளில் ஒன்று. அந்த உதிரிபாகங்களை விற்பவர்களின் விளம்பரம் வந்ததும் அதே பத்திரிகையில்தான். அதற்கும் முன்பே, 1924-இல், அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் உருவானது. உருவாக்கியது தயாரிப்பாளர், விற்பனையாளர் கூட்டமைப்பு. சங்கத்தின் இயக்குநர் குழுவில் பாதிப்பேரைத் தனிநபர் உறுப்பினர்களும் மறுபாதியை நிறுவன உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கும் முறை நெடுங்காலம் நீடித்தது. தயாரிப்பாளரின் செல்வாக்கு பந்தயத் திடலில் கண்ணுக்கே தெரிந்தது. 1930களில் தொடங்கி 1960களின் இறுதிவரை, பக்கவாட்டு வால்வு எஞ்சினுக்கு 750 சிசி, மேல்வால்வு எஞ்சினுக்கு 500 சிசி என்பது சங்கத்தின் பந்தய விதி. முதல் வகையில் ஓடியது உள்நாட்டு ஹார்லி, இரண்டாவது வகை பிரிட்டனிலிருந்து வந்தது என்பதைச் சொன்னால் மற்றது விளங்கும்.

இதையெல்லாம் அடுக்குவது யாரையும் கள்ளர் என்று சொல்ல அல்ல. நலன் முரண் என்றதும் லஞ்சம், துரோகம் என்று பேச்சு திரும்பிவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தன் முப்பது ஆண்டுத் தொண்டை எடுத்து வைக்கிறார். கூட்டம் அத்தோடு கலைகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு நிலைப்பாட்டுக்கு இரண்டு காரணங்கள் இருந்து, இரண்டும் ஒரே விடையைத் தந்தால், எந்தக் காரணம் முடிவெடுத்தது என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. பல வேளைகளில் முடிவெடுத்தவருக்கே தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் நடப்பில் உள்ள உரிம முறைப்படி, புதியவர் 125 சிசி, பிறகு 35 கிலோவாட், பிறகே வரம்பற்ற பைக் என்று படிப்படியாக ஏற வேண்டும். நேரடியாக மேலே போக விரும்பினால் வயது 24 ஆக வேண்டும். அமெரிக்காவில் வயதுவந்தோருக்கு அப்படி ஏணி கிடையாது. ஒரு வார இறுதிப் பயிற்சி முடித்த கையோடு ஆயிரம் சிசி பந்தயப் பைக்கை வாங்கிக்கொண்டு கடையை விட்டு வரலாம். ஏணி வேண்டாம் என்பதற்கு ஓட்டியின் காரணம் சுதந்திரம், தயாரிப்பாளரின் காரணம் விற்பனை. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து வேண்டாம் என்றால் கேட்பவர் எதை எழுதிக்கொள்வார்?

நலன்கள் ஒத்துப்போகும் இடத்தில் குரல் ஓங்கி ஒலிக்கும். அது இயல்பு, நல்லதும்கூட. அமெரிக்காவில் 2008-இல் குழந்தைகள் பொருட்களில் ஈயத்துக்கு வரம்பு விதித்த சட்டம் சிறுவர் பைக்குகளையும் ஏடிவி வண்டிகளையும் கடைகளிலிருந்து அகற்றியபோது, பெற்றோர், விற்பனையாளர், சங்கம் எல்லோரும் சேர்ந்து போராடி 2011-இல் விலக்கு வாங்கினார்கள். முரணைக் காண வேண்டுமானால் குரல் எழும்பாத இடத்தைப் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஹார்லி-டேவிட்சன் மீது நடவடிக்கை எடுத்தது. வெளிப் பட்டறையில் பழுது பார்த்தாலோ வேறு நிறுவன உதிரிபாகம் போட்டாலோ உத்தரவாதம் செல்லாது என்று வாடிக்கையாளரை மிரட்டும் நிபந்தனை சட்டவிரோதம் என்பது குற்றச்சாட்டு. தன் வண்டியைத் தான் விரும்பிய இடத்தில் பிரிக்கவும் பூட்டவும் உள்ள உரிமையைவிட பைக் ஓட்டிக்கு நெருக்கமான உரிமை எது? இருந்தும் ஹெல்மெட் சட்டத்துக்கு எதிராக மாநிலச் சட்டமன்றப் படிக்கட்டுகளில் திரண்டதுபோல ஒரு கூட்டம் இதற்காகத் திரண்டதாகத் தெரியவில்லை. வண்டி நிறுவனங்களே பேரணிக்குப் பந்தல் போட்டுத் தரும் ஓர் இயக்கத்தில் இந்த அமைதிக்கு வேறு காரணமும் இருக்கக்கூடும். இருக்கக்கூடும் என்பதற்கு மேல் சொல்ல முடியாமல் இருப்பதுதான் கெடுதல்.

வழக்கறிஞர் நிதி இன்னும் நுணுக்கமான வகை. அமெரிக்காவில் தேசிய அளவில் இயங்கும் ஒரு கூட்டமைப்பு, விபத்தில் காயமுற்ற ஓட்டிகளுக்காக வழக்காடும் வழக்கறிஞர் வலையமைப்போடு சேர்ந்தே இயங்குகிறது. அவர்கள் தங்கள் கட்டணத்தில் ஒரு பங்கை இயக்கத்துக்குத் தருகிறார்கள். இதை அவர்கள் மறைப்பதில்லை, பெருமையாகவே சொல்கிறார்கள். இழப்பீட்டு வழக்கில் வழக்கறிஞர் கட்டணம் வென்ற தொகையில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு. எனவே அவர் வருமானத்துக்கு மூன்று நிபந்தனைகள்: விபத்து நடந்திருக்க வேண்டும், தவறு எதிராளியுடையதாக இருக்க வேண்டும், எதிராளியிடம் காப்பீடு இருக்க வேண்டும். வழிவிடாத கார் ஓட்டுநருக்குக் கடும் தண்டனை, கார்களுக்குக் கூடுதல் மூன்றாம் நபர் காப்பீடு, ஹெல்மெட் அணியாததை நீதிமன்றத்தில் ஓட்டிக்கு எதிராகப் பயன்படுத்தத் தடை ஆகிய கோரிக்கைகளில் அவருக்கும் ஓட்டிக்கும் ஒரே நலன். ஆனால் தவறு யாருடையது என்று பாராமல் மருத்துவச் செலவை ஓட்டியின் சொந்தக் காப்பீடே முழுமையாக ஏற்கும் ஏற்பாடு வேண்டுமா என்ற கேள்வி வந்தால் வழி பிரிகிறது. தானே சறுக்கி விழுந்தவருக்கு வழக்கே கிடையாது. எதிராளியின்றி நடக்கும் விபத்துகளோ ஏராளம். ஃபுளோரிடா 2000-இல் ஹெல்மெட் சட்டத்தைத் தளர்த்தியபோது, 21 வயது கடந்து ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுபவர் 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்றது. மிச்சிகன் 2012-இல் 20,000 டாலர் என்றது. தலைக்காய சிகிச்சையில் அந்தத் தொகை சில நாட்களுக்கு வரும். அதை உயர்த்துவது பற்றி உரிமை இயக்கம் என்ன சொல்கிறது என்று கேட்பவர், அந்த விடையை எழுதியவர் எந்த வருமானத்தில் வாழ்கிறார் என்றும் கேட்பார். கேட்பது நியாயம்.

இதில் ஏதோ விதிமீறல் நடக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வழக்கறிஞர் தொழிலே இந்த ஆபத்தை உணர்ந்து வேலி போட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதிகளில், தன்னைப் பரிந்துரைத்தவருக்குக் கைம்மாறு தருவது பொதுவாகத் தடை. வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடுவதும் தடை. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு விலக்கு உண்டு, அதுவும் நீதிமன்றம் வழங்கும் கட்டணத்தில், குறுகிய வரம்புக்குள். தொழிலின் உள்ளே இருப்பவர்களுக்கு வரம்பு வகுத்தாயிற்று. வாங்கும் சங்கத்தின் பக்கம் அதற்கு ஈடான வரம்பு இல்லை. காயமுற்றவருக்கு எந்த வழக்கறிஞரின் அட்டையை நீட்டுவது என்று முடிவெடுப்பவரே மாநாட்டுச் செலவுக்கு நன்கொடை திரட்டுபவராகவும் இருக்கலாம்.

பயிற்சித் துறையில் பணம் அரசிடமிருந்து வருகிறது. பாடத்திட்டத்தில் பெரும் செல்வாக்குள்ள மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தயாரிப்பாளர்கள் 1973-இல் நிறுவினார்கள். பல மாநிலங்களில் அதன் தொடக்கநிலைப் பாடத்தை முடித்தால் உரிமத்துக்கான ஓட்டுதல் சோதனை தேவையில்லை. மறுபுறம், இண்டியானா போன்ற இடங்களில் உரிமை அமைப்பே பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. நல்ல பயிற்றுநர்கள் அங்கிருந்து வருகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி போதவில்லை, பாட நேரத்தைக் கூட்ட வேண்டும், சோதனை விலக்கை நீக்க வேண்டும் என்று நாளை ஆய்வு சொன்னால், வகுப்பு நடத்துபவரே அதை எடைபோட வேண்டியிருக்கும். இல்லினாய் நிலைமை வேறு. அங்கே பயிற்சி பல்கலைக்கழகங்களிடம் இருந்தது. பைக் ஓட்டிகள் கட்டிய கட்டணத்தில் சேர்ந்த பயிற்சி நிதியை மாநில அரசு பொதுக்கணக்குக்கு மாற்றியபோது அபேட் வழக்குத் தொடுத்தது; 2011-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தோற்றாலும், தன் ஒப்பந்தத்தைக் காப்பாற்றத்தான் வழக்காடியது என்று யாரும் சொல்ல வழியில்லாமல் வழக்காடியது.

எதிர்வாதங்கள் உண்டு. எதிரணிக்கு நலன் இல்லையா என்பது அடிக்கடி வருவது. உண்டு: ஹெல்மெட் சட்டத்துக்காக வாதிடும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் செலவைக் கொடுப்பது காப்பீட்டுக் கம்பெனிகள். ஆனால் அந்த அமைப்பு தன் பெயரிலேயே அதைச் சுமக்கிறது; கேட்பவர் கழித்துக்கொள்ள வேண்டியதைக் கழித்துக்கொள்கிறார். நாங்கள் வெறும் ஓட்டிகள் என்று சொல்லி வருபவரிடம் அப்படிக் கழிக்க இடமில்லை. பணமில்லாமல் இயக்கம் எப்படி நடக்கும் என்பது கனமான வாதம். உறுப்பினர் சந்தாவில் தலைநகரில் ஒரு முழுநேரப் பிரதிநிதியைக்கூட வைத்திருப்பது கடினம். ஆகவே வணிகப் பணத்தையே தொடாதீர்கள் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. துறை தெரிந்தவர்களே செயற்குழுவுக்கு வர வேண்டும், அவர்கள் எல்லோரும் ஏதாவதொரு வகையில் துறையில் பிழைப்பவர்கள் என்ற வாதத்தையும் ஏற்கிறோம். விவரம் சொல்ல அவர்கள் வேண்டும். வாக்களிக்க அவர்கள்தான் வேண்டும் என்பதில்லை.

வரவு விவரத்தை வெளியிட்டால் போதாதா என்று கேட்டால், போதாது. இலாப நோக்கற்ற அமைப்புகள் நிரப்பும், அமெரிக்க வருமான வரித்துறையின் 990 படிவம் நலன் முரண் கொள்கை எழுத்தில் உண்டா என்று 2008 முதல் கேட்கிறது. வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஆண்டு வரவு பொதுவாக 50,000 டாலருக்கு மிகாத கிளைகள் ஒரு சிறு மின்-அஞ்சலட்டையோடு தப்பிவிடலாம். கொடுத்தவர் யார் என்று தெரிந்தாலும், அவருக்காக எது பேசப்படாமல் போனது என்பது எந்தப் படிவத்திலும் வராது. அதைப் பதிவு செய்ய சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகம்தான் உண்டு. உறுப்பினர்கள் எழுப்பிச் செயற்குழு எடுத்துக்கொள்ளாமல் விட்ட கோரிக்கைகளையும், விட்டதற்கான காரணத்தையும், அன்று வாக்களித்தவர்களின் தொழிலையும் ஆண்டுக்கொருமுறை உறுப்பினர் இதழில் அச்சிடச் செலவு ஒரு பக்கம். வழக்கறிஞர் பரிந்துரைப் பட்டியலையும் நன்கொடை வசூலையும் வெவ்வேறு ஆட்களிடம் கொடுக்கச் செலவே இல்லை. பயிற்சி ஒப்பந்தம் பெற்ற அமைப்பு பயிற்சிச் சட்டம் பற்றிச் சாட்சி சொல்லப் போகும்போது, ஒப்பந்தத் தொகையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடலாம். ஐந்து பேர் சேர்ந்து உணவகத்து மேசையில் நடத்தும் கிளைக்கு இது பெரிய சுமை என்பார்கள். அந்த ஐவரில் ஒருவர் டீலர், ஒருவர் பயிற்றுநர், ஒருவர் விபத்து வழக்கறிஞரின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் என்றால், குறிப்புப் புத்தகம் தேவைப்படுவது முதலில் அந்த மேசைக்குத்தான்.