யாக குண்டமா? நகர மன்றமா?

2019-ஆம் ஆண்டுக் கோடை. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. தாய்மார்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்காகக் கண்விழித்துக் கிடந்தனர். அந்தக் கோடையில் அறநிலையத்துறை செய்தது என்ன? மழை வேண்டி யாகம் நடத்துக என்று கோயில்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது! நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டிக் கழுத்தளவு நீர் நிரப்புக என்றது; அமிர்தவர்ஷினி ராகம் இசைக்க என்றது. மக்களின் குடத்துக்கு நீரில்லை. கல் நந்தியின் கழுத்துக்கு நீர்!

தாகம் தீர்க்க வந்தவன் வருணனா? அல்லன். ஜூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து தண்ணீர் வந்தது, இரயில் வண்டியில்! ஏற்றியவன் தொழிலாளி, இறக்கியவனும் தொழிலாளி.

"எல்லாம் விதி" என்பர் பழமை விரும்பிகள். 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உண்மை. ஆனால், வானம் என்றுமே கருமியன்று. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடிக் கூரை ஒன்றின்மீது மட்டும் விழுவது 1,30,000 லிட்டர்! 2015 டிசம்பரில் இதே நகரம்தான் வெள்ளத்தில் மூழ்கிற்று. பெய்த ஆண்டில் தேக்காமல் கடலுக்கு விட்டுவிட்டுப் பொய்த்த ஆண்டில் வானத்தைப் பழிப்பது பகுத்தறிவாகுமா?

பழி வானத்தின்மீதன்று, நிர்வாகத்தின்மீது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஒன்றாகக் குடிநீர் வழங்கலையும் குறித்தது. சென்னையிலோ, குடிநீர் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த வாரியத்தின் பொறுப்பு. மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை! நாவறண்ட 2019-இல், மக்கள் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு மாமன்ற உறுப்பினர் கூட இல்லை. மன்றத்தின் கதவு மூடிய ஊரில், கோயில் கதவைத் தட்டச் சொன்னார்கள்!

அறிவு வழி எது? 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நல்ல சட்டம். ஆனால், தூர்ந்த குழியைச் சட்டப் புத்தகம் வந்து தூர் வாராது. ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் வட்டம் வட்டமாகச் சென்று பார்க்க ஆள் வேண்டும். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைத் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் எழுந்தன. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 4½ கோடி லிட்டர். ஆலைக்கு அந்நீர் சென்றால், ஏரிநீர் ஏழையின் குடத்துக்கு மிஞ்சும். இது மந்திரமன்று, கணக்கு!

இளைஞர்களே! வட்டந்தோறும் பகுதி சபைக் கூட்டங்கள் 2022-இல் தொடங்கப்பட்டன. அங்கே செல்வோம். நம் வட்டத்தில் பெய்த மழை எவ்வளவு? தேக்கியது எவ்வளவு? தூர்ந்த குழிகள் எத்தனை? மூன்று கேள்விகள் கேட்போம். விடை எழுத்தில் வரும்வரை விடமாட்டோம். நாம் வாய் திறவாவிடில், அடுத்த வறட்சியிலும் யாகப் புகைதான் எழும். குழாயில் காற்றுதான் வரும்!