ஜமீன் காலத்துக் கட்டிலா? ஆணியைப் பார், வயசு தெரியும்!

"பழைய கட்டில், ஊஞ்சல் பலகை, மரப்பெட்டி வாங்கறோம்மா...!"

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமத் தெருவில் இந்தக் குரல் கேட்டதும் வீட்டுக்காரம்மாவின் கண் பரணுக்குத்தான் போகிறது. "எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு, போனாப் போவுது" என்று பாட்டி காலத்துப் பெட்டி விறகு விலைக்கு வண்டி ஏறுகிறது. அதே பெட்டி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரி பழம்பொருள் கடைவீதிக்குப் போய்விட்டால் அதன் பெயரே வேறு. விலையும் வேறு!

இன்னொரு பக்கம், நேற்றுத் தைத்த நாற்காலிக்குக் கறுப்புப் பாலிஷ் அடித்து, "உடையார்பாளையம் ஜமீன் சாமான் சார்!" என்று தலையில் கட்டும் ஆசாமிகளும் உண்டு. விற்பவரும் ஏமாளி, வாங்குபவரும் ஏமாளி. நடுவில் நிற்பவர் பைதான் நிறைகிறது. காரணம் ஒன்றுதான். வயது பார்க்க நமக்குத் தெரியவில்லை.

மரம் வேறு, சாமான் வேறு

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாய்ப் போன மரம் கிடக்கிறது. 1940-ல் கண்டறியப்பட்டது. நீளம் 18 மீட்டர். வயது சுமார் 12 கோடி ஆண்டு! பழைய மரம் என்பதில் அதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் வீட்டுச் சாமான் விஷயத்தில் மரத்தின் வயதை மட்டும் பார்த்தால் மோசம் போக வேண்டியதுதான். இடித்த வீட்டு உத்திரம் நூறு வயது தேக்காக இருக்கலாம். அதை அறுத்துப் போன வாரம் கட்டில் செய்திருந்தால், கட்டிலுக்கு வயது ஒரு வாரம்தான்!

திருப்பிப் போட்டுப் பார்

முகப்பைப் பார்க்காதே, முதுகைப் பார். பாலிஷ் போடாத அடிப்பக்கம்தான் உண்மை பேசும். கைரம்பம் அறுத்த கோடு நேராக, ஏறுமாறாக இருக்கும். வட்ட ரம்பம் அறுத்த பலகையில் பிறை பிறையாகத் தழும்பு விழும். அது மில் அறுப்பு.

கொல்லன் அடித்த ஆணி சதுரமாக, ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருக்கும். உருண்டைக் கம்பி ஆணி பின்னால் வந்தது. கூர் முனை ஸ்குரு 19-ம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்குரு 1930-களின் சரக்கு. கோத்ரெஜ் கம்பெனி பூட்டுத் தொழில் தொடங்கியதே 1897-ல். அந்தப் பூட்டோடு வரும் பெட்டியை "இருநூறு வருஷம்" என்றால், "பூட்டு எப்போ மாத்தினீங்க?" என்று கேட்க வேண்டும். ஆணியும் பூட்டும் மாற்றக்கூடியவை. ஒரே அடையாளத்தை நம்பாமல் நாலையும் சேர்த்துப் பார்ப்பதுதான் புத்தி.

தேய்மானமும் சாட்சிதான். கைப்பிடி தேயும், இழுப்பறை ஓரம் தேயும், கால் தேயும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை! பூச்சி அரித்த துளை உள்ளே வளைந்து வளைந்து போகும். நேராகப் போனால் அது டிரில் போட்டது.

காகிதமும் பொய் சொல்லும்

"பில் இருக்கு சார்" என்றாலும் உஷார்! அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவில் நடராஜர் கதை மறந்துவிட்டதா? கடத்தப்பட்ட அந்தச் சோழர் காலச் சிலையை, 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பூர்வீகம் காட்டிய காகிதம் போலி. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய போட்டோதான் காட்டிக் கொடுத்தது. 2014-ல் நடராஜர் நாடு திரும்பினார். சிலை வியாபாரி சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் கோர்ட்டு 2022-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

சாமி சிலைக்கே அந்தக் கதி என்றால் ஊஞ்சல் பலகைக்குக் கேட்க வேண்டுமா? நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் வருஷச் சட்டம் தடை போடுகிறது. அதில் வியாபாரம் செய்யவும் லைசென்சு வேண்டும்.

பொய் எதற்கு?

பெரம்பலூர் மாவட்டத்தில் அரும்பாவூர், தழுதாழைத் தச்சர்கள் இன்றும் வாகை, மா, வேம்பு என்று ஒரே மரக்கட்டையில் சிற்பம் செதுக்குகிறார்கள். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. புதுசைப் புதுசு என்று சொல்லியே தலைநிமிர்ந்து விற்கலாம். புது வேலைக்குப் பழைய முத்திரை குத்தினால், செதுக்கியவன் பெயர் அழிகிறது. அது அவன் கூலியைத் திருடுவதற்குச் சமம்!

ஆகவே, வண்டி வாசலுக்கு வருமுன் ஒரு வேலை செய்யுங்கள். கையில் செல்போன் இருக்கிறதே! வீட்டுப் பெட்டி, ஊஞ்சல், நிலைக்கதவு எல்லாவற்றையும் முன்னும் பின்னும் அடியிலும் படம் எடுத்து வையுங்கள். யார் செய்தது, யார் சீராகக் கொண்டு வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். நடராஜரை மீட்டது ஒரு போட்டோ. பாட்டி பெட்டியைக் காப்பாற்றவும் அது போதும்.

விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது அவரவர் இஷ்டம். ஆனால் என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டாமா?